அரசு மாதிரிப் பள்ளிகள்: திருச்சி துவாக்குடிப் பள்ளியை முன்வைத்து

அரசு மாதிரிப் பள்ளி என்பது தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளியாகும். அரசுப் பள்ளிகளில் படித்துவரும் மாணவ, மாணவியரிலிருந்து கல்வித் திறன் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் இங்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை கட்டணமின்றித் தங்கிப் படிக்கிறார்கள். பள்ளிப் பாடத்துடன், நாட்டின் முன்னணி உயர்கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வுகளுக்கும் இங்கு பயிற்சி தரப்படுகிறது. 2021-22ஆம் கல்வியாண்டில் 10 மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டம், 2022-23இல் 25 மாவட்டங்களாகவும் 2023-24இல் 38 மாவட்டங்களாகவும் விரிந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்கான மாதிரிப் பள்ளி துவாக்குடியில் உள்ளது. ரூ.56.47 கோடியில் கட்டப்பட்ட அதன் வளாகம் 2025 மே 8 அன்று திறந்து வைக்கப்பட்டது.

திறமையான மாணவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அரசுச் செலவில் தனியே படிக்க வைப்பது சரியா என்ற கேள்வி பல நாடுகளில் விவாதிக்கப்படுகிறது. இக்கட்டுரை மாதிரிப் பள்ளியின் நோக்கம், அது தீர்க்க முயலும் சிக்கல், அதன் மீதான எதிர்வாதங்கள், அதில் இடம் பெறாத மாணவர்களுக்கு உள்ள வழிகள் ஆகியவற்றை விளக்குகிறது.

பெயரில் உள்ள குழப்பம்

'மாதிரிப் பள்ளி' என்ற பெயர் தமிழ்நாட்டில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பள்ளிகளைக் குறித்திருக்கிறது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை ஒட்டி, பயிற்சி ஆசிரியர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக இருந்த பள்ளிகளும் மாதிரிப் பள்ளிகள் என்றே அழைக்கப்பட்டன. பின்னர் கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில் மத்திய அரசின் உதவியுடன் தொடங்கப்பட்ட சில பள்ளிகளும் அதே பெயரைப் பெற்றன. பழைய ஊர்களில் 'மாடல் ஸ்கூல்' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையே. 2021-22இல் தொடங்கியவை இவற்றிலிருந்து வேறானவை.

தகைசால் பள்ளிகளும் வேறு. அவை ஏற்கெனவே இயங்கிவந்த அரசுப் பள்ளிகளின் கட்டடம், வகுப்பறை, ஆய்வகம், விளையாட்டு, கலை வசதிகளை மேம்படுத்தும் திட்டத்தின் கீழ் வருபவை. அவற்றில் அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள் வழக்கம்போலச் சேர்ந்து படிக்கிறார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் நடந்த ஒரே விழாவில் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கி வைக்கப்பட்டதால் இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் உண்டாயிற்று. சுருக்கமாகச் சொன்னால், தகைசால் பள்ளியில் பள்ளி தேர்ந்தெடுக்கப்படுகிறது. மாதிரிப் பள்ளியில் மாணவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

அமெரிக்காவில் 'சார்ட்டர்' பள்ளி என்றொரு வகை உண்டு. அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தின் பொறுப்பில், ஓர் ஒப்பந்தத்தின்படி நடப்பது அது. இதற்கான முதல் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் இயற்றப்பட்டது. அங்கு பொதுவாக இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் முறையில்தான் சேர்க்கை நடக்கும். ஒரு சில பள்ளிகளே திறன் பார்த்துச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டு மாதிரிப் பள்ளியோ அரசே நேரடியாக நடத்துவது. அதே சமயம் மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது.

திருச்சியின் பின்னணி

திருச்சி உயர்கல்வி நிறுவனங்கள் நிறைந்த மாவட்டம். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் என்ஐடி ஆன இந்நிறுவனத்தை உள்ளூர் மக்கள் இன்றும் 'ஆர்இசி' என்று சொல்வதுண்டு. புதுக்கோட்டை சாலைப் பக்கம் சூரியூரில் இந்திய மேலாண்மைக் கழகம் இருக்கிறது. அது 2011இல் தொடங்கப்பட்டது. ஸ்ரீரங்கம் வட்டத்தைச் சேர்ந்த நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சேதுராப்பட்டியில் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும், ஸ்ரீரங்கத்தின் பெயரைத் தாங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் உள்ளன.

ஆனால் ஒரு நிறுவனம் பக்கத்து ஊரில் இருப்பதாலேயே பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு அதில் இடம் கிடைத்துவிடுவதில்லை. துவாக்குடியில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் அரசுப் பள்ளி மாணவி தினமும் என்ஐடி வாசலைக் கடந்து பேருந்தில் போகலாம். அதற்குள் நுழைய எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள மருங்காபுரி, வையம்பட்டி, உப்பிலியபுரம் போன்ற ஒன்றியங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 2024இல் திருச்சி மாவட்டப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜேஇஇ தேர்வெழுதித் திருச்சி என்ஐடியில் சேர்ந்தபோது அது நாடெங்கும் செய்தியானது. ஒரே மாவட்டத்துக்குள் நடந்த ஒரு சேர்க்கை செய்தியாகும் அளவுக்கு அரிதாக இருந்தது என்பதே சிக்கலின் அளவைக் காட்டும்.

தடைகள் எங்கே இருக்கின்றன?

மாதிரிப் பள்ளித் திட்டத்தைப் புரிந்துகொள்ள, நன்றாகப் படிக்கும் ஓர் அரசுப் பள்ளி மாணவர் எந்தெந்த இடத்தில் தடைபடுகிறார் என்று பார்க்க வேண்டும். பாடம் கடினம் என்பது ஒரு தடை மட்டுமே.

முதலாவது காலம். என்ஐடி, ஐஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, பொதுவாக ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. ஜனவரித் தேர்வுக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கும் குடும்பத்துக்கு அதற்குள் கதவு பாதி சாத்தப்பட்டிருக்கும்.

இரண்டாவது மொழி. நீட் தேர்வையும் ஜேஇஇ முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஐஐடிகளுக்கான அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் உள்ளது. தமிழ் வழியில் பத்து ஆண்டு படித்த மாணவருக்கு இயற்பியல் தெரிந்திருக்கும். வினாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் இராது. இதைச் சரிசெய்ய ஒரு மாதப் பயிற்சி போதாது, ஓரிரு ஆண்டுகள் வேண்டும்.

மூன்றாவது சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று வழங்கப்படும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனச் சேர்க்கைக்குப் போதாது. மத்தியப் பட்டியலின்படியான ஓபிசி சான்றிதழை, வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்ற குறிப்போடு, அந்த நிதியாண்டில் புதிதாகப் பெற வேண்டும். இது தெரியாமல் கலந்தாய்வு நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்து, பொதுப் பிரிவில் தள்ளப்பட்டு இடத்தை இழப்பவர்கள் உண்டு.

நான்காவது இட ஒதுக்கீடு பற்றிய தெளிவின்மை. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்நிறுவனம் அமைந்துள்ள மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கானவை. திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டு மாணவருக்குத் தேவைப்படும் தரவரிசை வேறு, பிற மாநிலத்தவருக்கு வேறு. மாணவியருக்கெனக் கூடுதல் இடங்களும் உண்டு. ஐஐடிகளில் மாநில ஒதுக்கீடு கிடையாது. இந்த வேறுபாடு தெரியாதவர், தன் தரவரிசையைப் பார்த்ததுமே நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுவார்.

ஐந்தாவது பணம். பெரிய நகரங்களின் தனியார் பயிற்சி மையங்களில் இரண்டு ஆண்டுப் படிப்புக்கு ஆகும் செலவு கூலி வேலை செய்யும் குடும்பத்தின் எட்டாக் கனி. விடுதி, பயணம், விண்ணப்பக் கட்டணம் ஆகியவை தனி.

இந்த ஐந்தில் நான்கு, மாணவரின் அறிவுத் திறனோடு தொடர்பில்லாதவை. படித்த, நகர்ப்புற, நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் பெற்றோர் செய்யும் வேலையை அரசுப் பள்ளி மாணவருக்கு யார் செய்வது என்பதே உண்மையான கேள்வி. மாதிரிப் பள்ளி அந்தப் பொறுப்பை ஏற்கிறது.

பள்ளி செய்யும் பணி

மாதிரிப் பள்ளிகளில் உணவு, தங்குமிடம், பாடப் பொருள்கள், பயிற்சி ஆகிய அனைத்தும் இலவசம். துவாக்குடி வளாகத்தில் மாணவர்களுக்கும் மாணவியருக்கும் தனித்தனி விடுதிகள் உள்ளன. பொறியியல், மருத்துவம் மட்டுமின்றிச் சட்டம், கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, அடிப்படை அறிவியல், கலை, பொருளாதாரம் முதலிய துறைகளுக்கான நுழைவுத் தேர்வுகளும் மாணவர்களுக்கு அறிமுகம் செய்யப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் டாக்டர், இன்ஜினியர் என்ற இரு சொற்களுக்கு மேல் அறியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது முக்கியமான மாற்றம்.

அரசு அறிவிப்புகளின்படி, மாதிரிப் பள்ளிகளில் படித்து முன்னணி உயர்கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் 2022இல் 75 பேர், 2023இல் 274 பேர், 2024இல் 628 பேர். பள்ளிகளின் எண்ணிக்கையும் இதே ஆண்டுகளில் 10, 25, 38 என்று கூடியது என்பதையும் சேர்த்தே இந்த வளர்ச்சியைப் படிக்க வேண்டும்.

சேர்ந்த பிறகான செலவுக்கும் ஏற்பாடு உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, இந்திய அறிவியல் கழகம், எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் இளநிலைப் படிப்பில் சேர்பவர்களின் கல்விச் செலவை மாநில அரசே ஏற்கும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

யார் திறமைசாலி?

தேர்ந்தெடுக்கும் பள்ளி எதுவாயினும், அதன் நியாயம் பெரும்பாலும் தேர்வு முறையில்தான் அடங்கியிருக்கிறது. பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. ஒவ்வொன்றும் வேறு வகையான பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்.

மதிப்பெண்ணைப் பார்த்து எடுத்தால், ஒழுங்காகப் படித்து எழுதும் மாணவர்கள் வருவார்கள். வீட்டில் படிக்க இடமும் நேரமும் உள்ளவர்கள் முந்துவார்கள். மாடு மேய்த்துவிட்டு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு எண்பது மதிப்பெண் எடுத்தவர் தொண்ணூறு எடுத்தவருக்குப் பின்னால் நிற்பார்.

ஒரே நாள் திறனறித் தேர்வு வைத்தால், பாடப்புத்தகத்துக்கு அப்பால் யோசிக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அத்தகைய வினாக்களை முன்பே பழகியவருக்கும் முதல் முறை பார்ப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, திறன் வேறுபாடு போலத் தோற்றம் தரும்.

ஆசிரியர் பரிந்துரையை மட்டும் நம்பினால், வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்பவர்கள் தெரிவார்கள். கடைசி வரிசையில் வாய் திறவாமல் கணக்கைப் போட்டு முடித்துவிடுபவர் விடுபடுவார். பெண்பிள்ளைகளும் முதல் தலைமுறை மாணவர்களும் இப்படி விடுபடும் வாய்ப்பு அதிகம்.

இது குறித்து அமெரிக்காவில் கிடைத்த ஓர் அனுபவம் கவனிக்கத்தக்கது. புளோரிடா மாநிலத்தின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில், பெற்றோர் அல்லது ஆசிரியர் பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் திறன் சோதனைக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. பின்னர் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் முதற்கட்டச் சோதனை வைக்கப்பட்டது. உடனே ஏழைக் குழந்தைகளும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குழந்தைகளும் மீத்திறன் வகுப்புகளில் கணிசமாகக் கூடினர். டேவிட் கார்டு, லாரா ஜுலியானோ ஆகிய பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அந்தக் குழந்தைகள் முன்பும் அதே வகுப்பறைகளில்தான் இருந்தார்கள். யாரும் அவர்களைச் சோதித்துப் பார்க்கவில்லை.

இதிலிருந்து பெறும் பாடம் எளியது. மாவட்டத்தின் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஒவ்வொரு மாணவரும் சோதனைக்கு உட்பட வேண்டும். ஒன்றியவாரியாகத் தேர்வானோர் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஓர் ஒன்றியத்திலிருந்து தொடர்ந்து யாரும் வரவில்லையென்றால் அங்கே திறமை இல்லை என்று பொருளாகாது. தேடல் அங்கே சென்று சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எதிர்வாதங்கள்

பொதுப்பள்ளிக்கான மாநில மேடை போன்ற அமைப்புகளும் கல்வியாளர்கள் பலரும் மாதிரிப் பள்ளித் திட்டத்தைத் தொடக்கம் முதல் விமர்சித்து வருகின்றனர். அரசு தன் மாணவர்களுக்குள்ளேயே தரம் பிரிக்கக் கூடாது, எல்லா அரசுப் பள்ளிகளும் மாதிரிப் பள்ளியாக வேண்டும் என்பது அவர்களின் அடிப்படை வாதம். தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. மாதிரிப் பள்ளிகளோ மாவட்டத்துக்கு ஒன்று. இந்த விகிதத்தைப் பார்த்தால் அவ்வாதத்தின் வலு புரியும்.

இரண்டாவது வாதம், பிள்ளைகளை அனுப்பிவிட்டு நிற்கும் பள்ளிகளைப் பற்றியது. ஒரு கிராமப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மூன்று பேர் போய்விட்டால், அவர்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பழகிய மற்றவர்களுக்குத் துணை குறைகிறது. அந்த வகுப்பின் பொதுத்தேர்வு முடிவு இறங்கும். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். ஆகவே நல்ல மாணவரை அனுப்பத் தயங்குவது அவருக்கு இயல்பே. மாணவர் எந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தாரோ அந்தப் பள்ளிக்கும் அவர் பெறும் வெற்றியில் பங்கு உண்டு என்று பதிவு செய்வதே இதற்குத் தீர்வாகும்.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் நிலை. தன் ஊர்ப் பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர், எல்லோரும் முதல் மாணவர்களாக வந்துள்ள வகுப்பில் இருபதாவது இடத்தில் நிற்க நேரிடும். இதனால் தன்னம்பிக்கை குறைவதை ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து ஆராய்ந்து வந்தார். குளத்தில் பெரிய மீனாக இருந்தது கடலில் சிறிய மீனாகிவிடுவதைப் போன்ற நிலை இது. பதினான்கு வயதில் வீட்டை விட்டு விடுதிக்கு வரும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. எனவே இத்தகைய பள்ளியில் பாட ஆசிரியருக்கு இணையாக மனநல ஆலோசகரும், பேச்சுக்குக் காது கொடுக்கும் விடுதிக் காப்பாளரும் தேவை.

நான்காவது, பயன் எவ்வளவு என்ற கேள்வி. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தகுதி மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே எடுத்து உள்ளே வந்தவர்களும், சற்றுக் கீழே எடுத்து வேறு பள்ளிக்குப் போனவர்களும் பிற்காலத் தேர்வுகளில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தனர். அப்பள்ளிகளின் புகழுக்குப் பெரிய காரணம் அவற்றில் சேர்ந்த மாணவர்களே என்பது இதன் உட்பொருள். இம்முடிவை அப்படியே திருச்சிக்குப் பொருத்த முடியாது. அங்கே இடம் கிடைக்காதவருக்கும் பக்கத்தில் ஓரளவு நல்ல பள்ளி உண்டு, வழிகாட்டுதலும் உண்டு. இங்கே இடம் கிடைக்காதவருக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆயினும், வெற்றி பெற்றவர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பள்ளியை மதிப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை இரு இடத்துக்கும் பொதுவானது.

ஊர்ப் பள்ளியே போதும் என்பதற்குச் சான்றாக ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த எழுத்தாளர் சுஜாதாவைப் பலர் சொல்வதுண்டு. அவரும், ராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த அப்துல் கலாமும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தவர்கள். இந்தச் சான்று ஓரளவே பொருந்தும். அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளி வரை வந்தவர்களே ஊருக்குச் சிலர்தான். பெரும்பாலான பிள்ளைகளை வறுமையும் சாதியும் அதற்கு முன்பே வடிகட்டிவிட்டிருந்தன. நுழைவுத் தேர்வு இல்லாத பள்ளியிலும் தேர்ந்தெடுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை.

நவோதயா பள்ளிகளும் தமிழ்நாடும்

கிராமப்புற மீத்திறன் மாணவர்களுக்கான அரசு உறைவிடப் பள்ளி இந்தியாவுக்குப் புதிதன்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் அடிப்படையில் ஜவகர் நவோதயா வித்யாலயங்கள் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் நுழைவுத் தேர்வெழுதி ஆறாம் வகுப்பில் சேர்கிறார்கள். குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புற மாணவர்களுக்கும், மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன.

இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழ்நாடு, மும்மொழித் திட்டத்தைக் கொண்ட இப்பள்ளிகளை ஏற்கவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நவோதயா உண்டு; கூப்பிடு தூரத்தில் உள்ள நாகப்பட்டினத்தில் இல்லை. 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்பள்ளிகளுக்குத் தடையில்லாச் சான்று வழங்க உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு அதன் பின்னும் நீண்டது.

நவோதயாவுக்கும் மாதிரிப் பள்ளிக்கும் மொழிக்கு அப்பாலும் ஒரு வேறுபாடு உண்டு. நவோதயா பத்து, பதினொரு வயதில் தேர்ந்தெடுக்கிறது. அரசுப் பள்ளி மாணவருடன் தனியார் பள்ளி மாணவரும் போட்டியிடலாம். மாதிரிப் பள்ளி பதினான்கு வயதுக்குப் பின், அரசுப் பள்ளி மாணவர்களிலிருந்து மட்டும் எடுக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்விச் சேர்க்கைக்குப் பொதுவாக வடிகட்டும் தேர்வுகளைத் தடை செய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவதால் மாதிரிப் பள்ளி அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இலங்கையும் சிங்கப்பூரும்

இலங்கையில் 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டன. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழை மாணவர்கள் அவற்றில் தங்கிப் படித்தனர். இன்றும் அப்பரீட்சை நடக்கிறது. ஏழைக் குழந்தைக்கு ஏணியாகத் தொடங்கிய அது, காலப்போக்கில் பத்து வயதுக் குழந்தைகளைத் தனியார் வகுப்புகளுக்கு விரட்டும் போட்டியாக மாறிவிட்டது என்ற கவலை அங்கு பரவலாக உள்ளது.

சிங்கப்பூர் 1984இல் மீத்திறன் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் சோதனை வைத்து, ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக் குழந்தைகளைச் சில குறிப்பிட்ட தொடக்கப் பள்ளிகளில் சேர்த்தது. நாற்பது ஆண்டு அனுபவத்துக்குப் பின், 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அத்திட்டம் அதே வடிவில் தொடராது என்று அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன்னிடம் உள்ள மீத்திறன் குழந்தைகளுக்குத் தானே கூடுதல் கல்வி தர வேண்டும். குழந்தையை எடுத்துச் செல்வதற்குப் பதிலாக வாய்ப்பைக் குழந்தை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரும் முயற்சி இது.

இடம் கிடைக்காதவர்களுக்கான வழிகள்

மாதிரிப் பள்ளியில் இடம் பெறாதவர்களே எப்போதும் பெரும்பான்மையினர். அவர்கள் தம் பள்ளியில் இருந்தபடியே பயன்படுத்தக்கூடிய திட்டங்கள் பின்வருமாறு.

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்போர் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மிகக் கூடாது. தேர்வானவர்களுக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். இதன் மனத்திறன் பகுதி, பின்னர் எழுதும் எல்லாப் போட்டித் தேர்வுகளுக்கும் நல்ல அடித்தளம்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு கிராமப்புறப் பள்ளிகளில் 9ஆம் வகுப்பு படிப்போருக்கானது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று தேர்வு செய்யப்படுகின்றனர். தொகை சிறியதாயினும் மாவட்ட அளவில் தன் நிலையை அறிய உதவும்.

தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளிகளில் படிப்போருக்கு நடத்தப்படுகிறது. 500 மாணவர், 500 மாணவியர் என 1,000 பேர் தேர்வாகி, இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை ஆண்டுக்கு ரூ.10,000 பெறுகின்றனர்.

தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 11ஆம் வகுப்புக்குரியது. 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டுகள் வழங்கப்படுகிறது. இதில் பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானவை.

மாநிலத்துக்குள் உள்ள உயர்கல்வியில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் இதற்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே உயர்கல்வி வழிகாட்டுதல் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் கொண்டு செல்லப்படுகிறது.

ஊர்ப் பள்ளிகள் செய்யக்கூடியவை

மாதிரிப் பள்ளியின் பணிகளுள் விடுதியும் தினசரிப் பயிற்சியும் செலவு மிக்கவை. ஒவ்வொரு பள்ளியிலும் அவற்றை உடனே செய்ய இயலாது. ஆனால் முன்னர்க் கூறிய ஐந்து தடைகளுள் சிலவற்றை எந்த மேல்நிலைப் பள்ளியும் பணச் செலவின்றி அகற்றலாம். நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்ப மாதங்களை அறிவிப்புப் பலகையில் ஆண்டு முழுதும் எழுதி வைக்கலாம். ஏப்ரல் பிறந்ததும் மத்தியப் பட்டியலின்படியான சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்குமாறு பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம். அறிவியல் பாடங்களின் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே எழுதிப் பழக்கலாம். என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலத்தவருக்கு என்ற ஒரு செய்தியைப் பதினோராம் வகுப்பின் முதல் வாரத்திலேயே தெரிவிக்கலாம்.

மணப்பாறையிலோ துறையூரிலோ ஓர் அரசுப் பள்ளியில் இவை வழக்கமாகிவிட்டால், அங்கிருந்து துவாக்குடி மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகிறவரோடு, தேர்வாகாமல் ஊரிலேயே படிக்கிறவரும் உரிய காலத்தில் விண்ணப்பம் போட்டிருப்பார்.